புதுச் சேவலும் பழைய பெட்டைகளும்

சேவலுக்கு ஆயுசு குறைவு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் இன்னும் கோழி வளர்க்கிறவர்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். முசாங் என்கிற மரநாய் வந்தால் எதிர்த்து நிற்பது சேவல். மலைப்பாம்பு நுழைந்தால் சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிட்டு, அதன் வாயிலேயே போய்ச் சேர்வதும் பல நேரம் சேவல்தான். இரண்டுக்கும் தப்பியது, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டதாக இருக்கும். முட்டையிடுகிற பெட்டைமேல் யாரும் அவ்வளவு சீக்கிரம் கத்தி வைப்பதில்லை. அது ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும். ஆக, லயத்து வீட்டுக் கொல்லையில் மேய்கிற கூட்டம் அடிப்படையில் பெட்டைகளின் குடித்தனம். சேவல் அதில் வந்து போகிற ஆள்.

புதுச் சேவல் பல வழிகளில் வந்து சேரும். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வாங்கியதாக இருக்கலாம். தைப்பிங்கில் இருக்கும் சொந்தக்காரர் கொடுத்தனுப்பியதாகவும் இருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு ஈப்போவில் தமான் வீட்டுக்குக் குடிபோனவர்கள் பழக்கம் விடாமல் நாலு கோழி வளர்ப்பார்கள். குஞ்சு பெருத்துக் கூவத் தொடங்கியதும் மதிலுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்கும். “இங்க வச்சுக்க முடியலக்கா, நீங்களே வச்சுக்குங்க” என்று, காலைக் கட்டிச் சாக்கில் போட்ட சேவல் பழைய லயத்துக்கே வந்து சேரும். “கறிக்கா, கூட்டத்துக்கா?” என்பது அக்காவின் முதல் கேள்வி. கூட்டத்துக்கு என்றால், அந்தச் சாக்கை அவிழ்த்த பிறகு நடப்பது உயிரியலில் ஒரு தனிப்பாடம். அவிழ்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டவிழ்ந்த சேவல் இறகைச் சிலுப்பிக்கொள்ளும், கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்க்கும், கூவும். பிறகு பக்கத்தில் நிற்கும் பெட்டையை நோக்கிப் பக்கவாட்டில் சிற்றடி வைத்து வரும். பெட்டைக்கு அப்பால் இருக்கிற இறக்கையைத் தரையில் படும்படி தாழ்த்திக்கொள்ளும்; கால் அந்த இறகுகளில் உரசி ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் எழும். ஆட்டம் போலத் தெரியும் இந்த நடையை நெதர்லாந்து ஆய்வாளர் யாப் குரூய்ட் 1964-ல் வெளியிட்ட காட்டுக்கோழி ஆய்வில் அணு அணுவாக விவரித்திருக்கிறார். தாக்கு என்கிற உந்துதலும் விலகு என்கிற உந்துதலும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் மோதும்போது பிறக்கிற நடை இது என்பது அவர் முடிவு. அதாவது வந்த சேவலுக்கும் உள்ளூர உதறல்தான்.

பெட்டை குந்தினால் சம்மதம். விலகி நடந்தால் ‘பிறகு பார்க்கலாம்’. மூத்த பெட்டை ஒன்று கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் வந்து நின்றால், அங்கேதான் கதை தொடங்குகிறது.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு நிரந்தர வரிசை உண்டு என்று முதலில் எழுதி வைத்தவர் நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே. சிறுவயதிலேயே கோழிகளுக்குப் பெயர் வைத்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்துக்கொண்டே வந்தவர். 1922-ல் அதை ஜெர்மன் மொழியில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். முதல் கோழி எல்லாரையும் கொத்தும், கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். நடுவில் சில முக்கோணங்களும் உண்டு: அ ஆவைக் கொத்தும், ஆ இயைக் கொத்தும், இ போய் அவைக் கொத்தும். மனிதர்களின் அலுவலகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று தாராளமாகக் கையாளும் இந்தக் கருத்து பிறந்தது கோழிக் கொட்டகையில். கடன் வாங்கியவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். கொட்டகையில் ஏணி ஒன்றில்லை, இரண்டு. பெட்டைகளுக்கு ஒன்று, சேவல்களுக்கு ஒன்று.

வளர்ந்த சேவல் பெட்டைகளின் ஏணியில் ஏறுவதே இல்லை. முரண்டு பிடிக்கும் ஓரிரு பெட்டைகளோடு உரசல் முடிந்ததும் அது எல்லாப் பெட்டைகளுக்கும் மேலே போய் நின்றுவிடும். கீழே அவற்றின் வரிசை பழையபடியே தொடரும். பெட்டைகள் சண்டை போட்டால் சில சேவல்கள் நடுவில் புகுந்து பிரித்துவிடும். பெரிய கூட்டங்களில் சேவல் இருந்தால் பெட்டைகளுக்குள் சச்சரவு குறைகிறது என்று ஸ்வீடனில் நடந்த ஆய்வும் காட்டியிருக்கிறது.

இளஞ்சேவலின் நிலைமை வேறு. நாலைந்து மாதச் சேவலை வயதான பெட்டைகள் நடுவே விட்டால் அது கொத்து வாங்கியே மூலையில் ஒடுங்கும். கொண்டை சிவந்து பெருக்கப் பெருக்க ஒவ்வொரு பெட்டையாகத் தாண்டி மேலே வரும். இந்த மாற்றத்துக்குப் பின்னால் விதையில் சுரக்கும் ஹார்மோன் இருக்கிறது. 1849-ல் கோட்டிங்கனில் அர்னால்ட் பெர்டோல்ட் ஆறு இளஞ்சேவல்களை வைத்துச் செய்த சோதனைதான் ஹார்மோன் அறிவியலின் முதல் சோதனையாகக் கருதப்படுகிறது. விதையை எடுத்ததும் கொண்டை சுருங்கியது, கூவல் நின்றது, சண்டைக்குணம் போனது. எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் ஒட்டிவைத்தபோது, நரம்புத் தொடர்பு இல்லாமலேயே மூன்றும் திரும்பி வந்தன. இரத்தத்தில் ஏதோ ஒன்று கலந்து போகிறது என்று அவர் ஊகித்தார்.

சரி, சேவல் மேலே போய்விட்டது. பலரும் இதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். என் கணக்கில் இனிமேல்தான் வேலையே ஆரம்பம். பெட்டைகளை அடக்க ஒரு காலைப்பொழுது போதும். அவை ஏற்றுக்கொள்வதற்கு அந்தச் சேவல் உழைத்தாக வேண்டும்.

முதல் உழைப்பு சாப்பாட்டு விஷயம். சேவலுக்கு ஒரு கரையான் கூட்டமோ பூச்சியோ கிடைத்தால் தானே விழுங்கிவிடாது. அலகால் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ‘டொக் டொக் டொக்’ என்று வேகமாகக் குரல் கொடுக்கும். பெட்டைகள் ஓடி வரும், பூச்சி பெட்டைக்குப் போகும். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் கிறிஸ் எவன்ஸும் கரோலின் ஸ்மித்தும் இதைக் காணொளிச் சேவல்களை வைத்துச் சோதித்தார்கள். கீழ்நிலைச் சேவல்களின் தந்திரம் ஒன்றையும் இந்த ஆய்வுகள் வெளிக்கொண்டு வந்தன: பெரிய சேவல் பக்கத்தில் இருந்தால் அவை குரல் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டும். பெட்டை பார்க்கும், பெரியவருக்குக் கேட்காது.

பொய்யும் உண்டு. பெட்டை தூரத்தில் நின்றால் ஒன்றுமில்லாத குப்பையைக் காட்டிச் சேவல் கூப்பிடுவதை அமெரிக்காவில் மார்சல் கைகரும் பீட்டர் மார்லரும் 1980-களில் பதிவு செய்தார்கள். ஆனால் பெட்டைகள் ஏமாந்துகொண்டே இருப்பதில்லை. குப்பையைக் காட்டுகிற சேவலின் அழைப்புக்குப் போகப்போக மதிப்புக் குறையும். புதுச் சேவல் வந்த முதல் வாரத்தில் கொல்லையில் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியும். அது கூப்பிடும்போது எத்தனை பெட்டை ஓடுகிறது, எத்தனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சீய்க்கப் போய்விடுகிறது என்பதுதான் அதன் மதிப்பெண்.

இரண்டாவது உழைப்பு காவல். வானத்தில் பருந்து நிழல் தெரிந்தால் மெல்லிய, இழுத்த ஒரு சீழ்க்கை. தரையில் உடும்போ நாயோ வந்தால் விட்டு விட்டு உரக்கக் கத்தல். இரண்டும் இரண்டு வேறு சத்தம், அவற்றுக்குப் பெட்டைகள் காட்டும் எதிர்வினையும் வேறு. முதலாவதற்குப் புதருக்குள் ஓடி ஒடுங்கும். இரண்டாவதற்கு நிமிர்ந்து நின்று தேடும். தனியாக இருக்கும் சேவல் பருந்தைப் பார்த்தாலும் பெரும்பாலும் வாயைத் திறக்காது. கேட்க யாராவது இருந்தால்தான் அந்தச் சீழ்க்கை வரும். ஆயுசு குறைவு என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

இவ்வளவு உழைத்தாலும் கடைசி வார்த்தை பெட்டையுடையது. அமெரிக்க உயிரியலாளர் மார்லின் ஜூக்கும் கூட்டாளிகளும் காட்டுக்கோழிச் சேவல்களில் சிலவற்றுக்குக் குடற்புழுவைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். புழு பிடித்தவற்றின் கொண்டை சிறுத்து நிறம் மங்கியிருந்தது. பெட்டைகள் பெரும்பாலும் புழுவில்லாத சேவலிடமே போயின. கொண்டையைப் பார்த்தே வயிற்றுக்குள் இருக்கும் சங்கதியைக் கண்டுபிடிக்கின்றன என்று அர்த்தம்.

பலம் காட்டி மிதிக்கிற சேவலிடமிருந்து தப்ப முடியாத பெட்டைக்கும் ஒரு வழி உண்டு. தொம்மாசோ பிட்சாரியும் டிம் பர்க்ஹெட்டும் 2000-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை கோழி வளர்ப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கீழ்நிலைச் சேவல் மிதித்துவிட்டு இறங்கியதும் பெட்டை உடம்பை உதறி, அது விட்ட விந்தை வெளியே தள்ளிவிடுகிறது. உயர்நிலைச் சேவலின் விந்தை அப்படித் தள்ளுவது குறைவு. ஏறியதெல்லாம் தகப்பனாகிவிடுவதில்லை.

அதோடு, பெட்டையின் கருக்குழாயில் விந்தைப் பத்திரப்படுத்தும் நுண்குழல்கள் இருக்கின்றன. இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட விந்தணுக்கள் அங்கே உயிரோடு இருக்கும். சேவல் செத்த மறுநாளிலிருந்து இடுகிற முட்டையெல்லாம் கூமுட்டை என்று எண்ணித் தாளித்துவிட வேண்டியதில்லை. அடுத்த பத்து நாள் முட்டையை அடை வைத்தாலும் குஞ்சு வரும். இதன் மறுபக்கம், புதுச் சேவல் வந்த முதல் வாரத்தில் கிடைக்கும் முட்டையில் இருப்பது செத்துப்போன சேவலின் குஞ்சாக இருக்கலாம். புதியதன் வித்துதான் வேண்டும் என்றால் மூன்று வாரம் பொறுத்து அடை வைப்பது நல்லது.

புதுப் பெட்டைகளைக் கண்ட சேவலுக்கு வேகமும் கூடுதல். நாலைந்து பெட்டைகள் மட்டும் இருக்கும் கொல்லையில் பிடித்தமான ஒன்றையே திரும்பத் திரும்ப மிதித்து, முதுகு இறகு உதிர்ந்து தோல் சிவக்கிற அளவுக்குக் கொண்டுவிடும். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டை என்ற கணக்கு அதனால்தான்.

கூட்டத்தில் ஏற்கெனவே ஒரு சேவல் இருந்தால் அது வேறு விவகாரம். தோற்றது ஓட இடம் இருந்தால் சண்டை சீக்கிரம் முடியும். கூண்டுக்குள் என்றால் முள் பாய்ந்து ஒன்று சாகும். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் செத்த சேவலுக்காக ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் எழுத்துப் பொறித்து நட்ட நடுகல்லே இருக்கிறது. மனித வீரனுக்கு நடும் கல்லைக் கோழிக்கு நட்டவர்கள் நம் முன்னோர். இரண்டும் பிழைத்துச் சேர்ந்து வாழ்ந்தாலும் விடியலில் யார் முதலில் கூவுவது என்பதில் வரிசை உண்டு. ஜப்பானில் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2015-ல் காட்டியபடி, பெரிய சேவல் கூவும்வரை சின்னவை பொறுத்திருக்கும். பெரியதைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் இரண்டாவது முதலில் கூவும்.

இனி, சாக்கை அவிழ்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது. புதுச் சேவலோடு வரும் பெரிய ஆபத்து அதன் முள்ளில் இல்லை, எச்சத்திலும் மூக்குச்சளியிலும் இருக்கிறது. மலேசியாவில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் முதலில் தலைகாட்டியது 2004 ஆகஸ்டில், கிளந்தானில். தாய்லாந்து எல்லை தாண்டிக் கடத்தி வந்த சண்டைச் சேவல்கள் மூலம் அது நுழைந்தது என்று அப்போது கணிக்கப்பட்டது. 2006-ல் பேராக்கும் தப்பவில்லை. கையில் ஏந்திச் செல்லும் ஒரு பறவை ஒரு நாட்டின் கோழிப் பண்ணைகளையே நடுங்கவைத்தது.

அன்றாடம் கோழிகளைக் கொல்வது இதைவிடப் பழைய எதிரி: வெள்ளைக்கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும், அடுத்த ஆண்டு இந்தியாவின் ராணிக்கேத்திலும் அடையாளம் காணப்பட்டதால் ஊர்ப்பெயர்களாலேயே உலகம் இதை அழைக்கிறது. வைரஸ் உடம்புக்குள் போனபின் நோய் தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். ஆகவே புதுச் சேவல் மூன்று, நான்கு வாரம் தனிக்கூண்டில், கூட்டத்திலிருந்து தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்புறமாக இருந்தாக வேண்டும். தீவனத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனி. கூட்டத்துக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாக இதனிடம் போக வேண்டும். திரும்பிவந்து அதே செருப்போடு கூட்டத்துக்குள் நுழையக் கூடாது. கோழிகள் திடீரென்று சாகத் தொடங்கினால் புதைத்துவிட்டு உட்காராமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அத்துறையின் ஆய்வுக் கழகம் 1948 முதல் ஈப்போவிலேயே இருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி விஷயத்தில் மலேசியாவுக்கு உலக அளவில் ஒரு பெருமை உண்டு, நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது. கம்பத்துக் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது நடக்காத காரியம், மரத்தில் ஏறிவிடும். குளிர்பெட்டியும் எல்லா ஊரிலும் இருக்காது. 1980-களில் செர்டாங்கில் இருக்கும் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் வி4 என்ற சாதுவான வைரஸைத் தீவனத்தில் பூசிக் கோழிக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தன. பலன் கிடைத்தது. வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்து என்ற அந்த வழி பிறகு ஆப்பிரிக்க, ஆசியக் கிராமங்களுக்கும் போனது.

தனிமை முடிந்ததும் கூண்டைக் கூட்டம் மேயும் இடத்துக்கு நகர்த்தி, கம்பிவலைக்குள் ஒரு வாரம் வைத்திருப்பது நல்ல வழி. கோழி இன்னொரு கோழியைப் பெரும்பாலும் தலையை வைத்தே அடையாளம் காண்கிறது. அமெரிக்காவில் குல் என்பவர் 1950-களில் கொண்டையையும் தலை இறகுகளின் நிறத்தையும் மாற்றிப் பார்த்தபோது, நேற்றுவரை கூடவே மேய்ந்ததை அந்நியன் என்று கொத்தின. வலைக்குப் பின்னால் இருக்கும் சேவலின் முகம் இந்த ஒரு வாரத்தில் பழகிவிடும். அதுவும் சும்மா இராது. போட்ட தீனியைக் காட்டி ‘டொக் டொக்’ என்று வலை ஓரமாகக் கூப்பிடத் தொடங்கிவிடும்.

ராத்திரியில் சத்தமில்லாமல் கூண்டுக்குள் விட்டுவிட்டால் காலையில் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் சண்டை வராது. விடிந்ததும் அந்நியன் அந்நியன்தான். வலைப் பழக்கம் முடிந்த பிறகு அந்தியில் விடுவதென்றால் நானும் ஒத்துக்கொள்வேன். தீனி மட்டும் அன்று இரண்டு மூன்று இடத்தில் சிதறியிருக்கட்டும்.

இவ்வளவு முறையும் நம் கூண்டுக்குத்தான். பேராக்கில் யாரையும் கேட்காமல் வரும் சேவல் ஒன்று இருக்கிறது. 1877-ல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் தொடங்கிய தோட்டங்கள் இன்று பெருமளவு செம்பனையாகிவிட்டன. ரப்பரை நம்பியிருந்த மனிதர்கள் வெளியேறினார்கள். செம்பனைக்குள் காட்டுக்கோழி சௌகரியமாகக் குடியேறியது. உதிர்ந்த பழமும் கரையானும் அதற்குப் போதும். மதிய வெயில் தாழ்ந்ததும் செம்பனை வரிசையின் ஓரத்தில் அதன் கூவல் கேட்கும்: வீட்டுச்சேவலின் கூவலைப் போலவே தொடங்கி, கடைசி இழுப்பு இல்லாமல் வெட்டினாற்போல் நிற்கும். கூட்டத்தில் சேவல் இல்லாத நாளாகப் பார்த்து லயத்துக் கொல்லைவரை வந்து பெட்டைகளோடு சேர்ந்துவிட்டுப் போகும். பிறக்கும் குஞ்சுகள் மெலிந்து, சாம்பல் பூத்த கால்களோடு, ஆள் நிழல் பட்டாலே பறக்கும்; மாலையில் கூண்டை விட்டுக் கிளை தேடும். மலாய்க்காரர்கள் ‘டெனாக்’ என்ற பழக்கிய சேவலைக் காட்டோரத்தில் கட்டிவைத்துக் கூவவிட்டு, எதிர்க்க வரும் காட்டுச்சேவலைக் கண்ணியில் பிடிப்பது பழைய வழக்கம். இன்று அதற்கு வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும்.

2020-ல் வெளியான 863 கோழிகளின் மரபணு ஆய்வு, வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கிய உறவு ‘ஸ்பாடிசியஸ்’ என்ற காட்டுக்கோழித் துணையினம் என்றது. கோழி முதலில் பழகியது தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் வட்டாரத்தில் என்பது அதன் முடிவு; பேராக்கின் காட்டுச்சேவலையும் அதே துணையினத்தில்தான் பறவையியலாளர்கள் சேர்க்கிறார்கள். நம் கோழியின் மஞ்சள் கால் மட்டும் அந்தத் துணையினத்திலிருந்து வந்ததில்லை. அந்த மரபணு தென்னிந்திய மலைகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இப்போது கலப்பு எதிர்த்திசையிலும் நடக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நூறாண்டுக்கு முந்திய அருங்காட்சியகப் பறவைகளோடு இன்றைய காட்டுக்கோழிகளை ஒப்பிட்டது. இன்றைய காட்டுக்கோழியின் மரபணுத்தொகுதியில் 20 முதல் 50 விழுக்காடுவரை வீட்டுக்கோழியின் பங்கு. பிடிக்க மனமில்லாமல் செம்பனைக்குள் விட்டுவிட்ட சேவல் அங்கே புதுச் சேவலாகப் போய்ச் சேர்கிறது. அதற்குத் தனிமைக்காலமும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. கலப்பில்லாத காட்டுச்சேவலுக்கு, இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் கழுத்தில் தொங்கும் பொன்னிற இறகுகள் உதிர்ந்து கறுப்பாக முளைக்கும், கொண்டையும் சுருங்கும். வீட்டுச்சேவலுக்கு இது நடப்பதில்லை, கலப்புச் சேவல்களிலும் பெரும்பாலும் காண முடியாது. தோட்டத்து ஓரத்தில் அப்படிக் கழுத்து கறுத்த ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், அந்தப் பக்கம் சேவல் எதையும் அவிழ்த்துவிடாமல் இருப்பதே நல்லது.